மனிதச் செல்லிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தல்: ஒரு வகுப்பறைச் சோதனையின் வரலாறு

மனிதச் செல்லிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தல் என்பது பள்ளி, கல்லூரி வகுப்புகளில் செய்யப்படும் எளிய உயிரியல் சோதனை ஆகும். மாணவர்கள் தம் கன்னத்தின் உட்புறத்திலிருந்து உதிரும் செல்களை உப்பு நீரில் திரட்டி, சோப்புத் திரவத்தால் அவற்றை உடைத்து, குளிர்ந்த ஆல்கஹாலைச் சேர்ப்பர். சற்று நேரத்தில் சோதனைக்குழாயில் வெண்ணிற இழைகள் தோன்றும். இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. தேவையான பொருள்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே கிடைக்கும். ஒரு பாடவேளைக்குள் சோதனையை முடித்துவிடலாம்.

இந்த எளிய செய்முறையின் ஒவ்வொரு படியும் சுமார் 150 ஆண்டுக்கால ஆய்வின் விளைவு. டி.என்.ஏ. முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது மனிதச் செல்லிலிருந்துதான். அந்த முதல் நாளிலேயே எழுந்த ஐயம் ஒன்று ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு நீடித்தது. கிடைத்த பொருள் தூய்மையானதா, அல்லது புரதம் கலந்ததா என்பதே அந்த ஐயம். இன்று வகுப்பறையில் வெள்ளை இழையைப் பார்க்கும் மாணவர் முன்னும் அதே கேள்வி நிற்கிறது.

வகுப்பறைச் செய்முறை

பல்வேறு பள்ளிகளில் அளவுகள் சற்று மாறினாலும் அடிப்படைப் படிகள் நான்கே.

முதலாவது, செல்களைத் திரட்டுதல். மாணவர் சிறிதளவு உப்பு கரைத்த குடிநீரை வாயில் வைத்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் கன்னங்களின் மீது நன்கு படும்படி கொப்பளித்து, தமக்குரிய காகிதக் குவளையில் துப்புகிறார். வாயின் உட்பரப்பில் உள்ள எபிதீலியச் செல்கள் நாள்தோறும் தாமாகவே உதிர்பவை. கொப்பளிக்கும்போது அவை நீரோடு வந்துவிடுகின்றன.

இரண்டாவது, செல்களை உடைத்தல். இந்தக் கரைசலைச் சோதனைக்குழாயில் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும். செல் சவ்வும் உட்கருச் சவ்வும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எவ்வாறு அகற்றுகிறதோ அவ்வாறே இந்தச் சவ்வுகளையும் கரைத்துவிடுகிறது. வேகமாகக் குலுக்கினால் நீண்ட டி.என்.ஏ. இழைகள் துண்டுதுண்டாக அறுந்துபோகும்.

மூன்றாவது, புரதத்தைச் சிதைத்தல். டி.என்.ஏ. செல்லுக்குள் தனித்து இருப்பதில்லை. ஹிஸ்டோன் எனப்படும் புரதங்களின் மீது அது சுற்றப்பட்டிருக்கிறது. ஆகவே புரதத்தைச் செரிக்கும் நொதி ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். சில வகுப்புகளில் அன்னாசிப்பழச் சாறு சேர்ப்பர். சிலவற்றில் இறைச்சியை மென்மையாக்கும் தூள் சேர்ப்பர். ஆட்டுக்கறி விரைவில் வேகப் பப்பாளிக்காய்த் துண்டைப் போடும் வழக்கத்திலும் இதே தத்துவம்தான் உள்ளது. பப்பாளிப் பாலில் உள்ள பப்பாயின் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கிறது. எளிய செய்முறைகளில் இந்தப் படியை விட்டுவிடுவதும் உண்டு.

நான்காவது, வீழ்படிவாக்குதல். உறைபெட்டியில் நன்கு குளிரவைத்த எத்தனாலையோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையோ குழாயின் சுவர் வழியாக மெல்ல ஊற்ற வேண்டும். ஆல்கஹால் நீரைவிட அடர்த்தி குறைந்ததாதலால் மேலே தனி அடுக்காக நிற்கும். இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் வெண்ணிற இழைகள் உருவாகி, சிறு காற்றுக்குமிழிகளோடு மேலெழும். அவற்றைக் கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

உப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து செய்யும் வேலையை மாணவர்கள் கேட்டறிய வேண்டும். டி.என்.ஏ.யின் வெளிப்புறத்தில் உள்ள பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் உடையவை. அதனால் இழைகள் ஒன்றையொன்று விலக்கி, நீரில் கரைந்த நிலையில் இருக்கின்றன. உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் அந்த மின்னூட்டத்தை ஈடுசெய்கின்றன. ஆல்கஹால் சேரும்போது இந்த ஈடுசெய்தல் வலுப்பெற்று, இழைகள் ஒன்றுசேர்ந்து கரைசலிலிருந்து வெளியேறுகின்றன.

முதல் பிரித்தெடுப்பு: டியூபிங்கன், 1869

இந்த நான்கு படிகளின் தொடக்கம் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் உள்ளது. பிரீட்ரிக் மீஷர் 1844 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தையும் தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸும் உடற்கூறியல் பேராசிரியர்கள். மீஷர் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் இளமையில் ஏற்பட்ட நோயால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நோயாளிகளைப் பார்க்கும் தொழில் தமக்குக் கடினம் எனக் கருதி, திசுக்களின் வேதியியலை ஆராய முடிவு செய்தார். 1868 இல் டியூபிங்கன் சென்று, உயிர்வேதியியலின் முன்னோடிகளில் ஒருவரான பெலிக்ஸ் ஹாப்பே-சைலரிடம் சேர்ந்தார். ஆய்வகம் பழைய கோட்டை ஒன்றில் இயங்கியது. மீஷர் வேலை செய்த அறை முன்பு அக்கோட்டையின் சமையலறையாக இருந்தது.

வெள்ளையணுக்களின் வேதி இயைபை அறிவதே அவருக்குத் தரப்பட்ட பணி. நிணநீர் முடிச்சுகளிலிருந்து போதிய செல்கள் கிடைக்கவில்லை. அருகில் இருந்த அறுவை மருத்துவமனையில் புண்களுக்குக் கட்டிய துணிகள் நாள்தோறும் எறியப்பட்டன. அவற்றில் படிந்திருந்த சீழில் வெள்ளையணுக்கள் ஏராளம். மீஷர் அத்துணிகளைக் கேட்டு வாங்கினார். கெட்டுப்போனவற்றை ஒதுக்கிவிட்டு, புதியவற்றை மட்டும் சோடியம் சல்பேட் கரைசலில் அலசிச் செல்களைத் திரட்டினார். பிற உப்புக் கரைசல்களில் செல்கள் உப்பிச் சிதைந்தன என்பதைப் பல முறை முயன்றபின் கண்டறிந்தே இந்த உப்பை அவர் தேர்ந்தெடுத்தார்.

அடுத்து, சூடான ஆல்கஹாலால் கொழுப்பை நீக்கினார். புரதத்தை அகற்றப் பன்றி இரைப்பையிலிருந்து பெப்சின் நொதியைத் தாமே தயாரித்துக்கொண்டார். பெப்சினும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் செல்லின் மற்றப் பகுதிகளைச் செரித்துவிட, உட்கருக்கள் மட்டும் அடியில் தங்கின. அவற்றைக் காரக் கரைசலில் இட்டு, பின் அமிலம் சேர்த்தபோது வெண்ணிற வீழ்படிவு கிடைத்தது. மீண்டும் காரம் சேர்த்தால் அது கரைந்தது.

இது அதுவரை அறியப்பட்ட எந்தப் புரதத்தையும் போல நடந்துகொள்ளவில்லை. பெப்சினால் அதைச் செரிக்க முடியவில்லை. அதில் பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தது. உட்கருவிலிருந்து வந்ததால் மீஷர் இதற்கு நியூக்ளின் எனப் பெயரிட்டார். 1869 பிப்ரவரியில் தம் மாமன் ஹிஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றித் தெரிவித்தார்.

ஹாப்பே-சைலர் இந்த முடிவை உடனே ஏற்கவில்லை. மாணவரின் சோதனைகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்தார். வேறு மாணவர்களையும் பிற செல்களில் ஆராயச் சொன்னார். பறவைகளின் உட்கருவுள்ள சிவப்பணுக்களிலும் இத்தகைய பொருள் இருப்பது தெரிந்தது. இடையில் 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இறுதியில் 1871 இல்தான் மீஷரின் கட்டுரை ஹாப்பே-சைலரின் ஆய்விதழில் வெளிவந்தது. இரண்டாண்டுத் தாமதம் இளம் ஆய்வாளருக்கு வருத்தமே. எனினும், புதிய பொருள் ஒன்றைக் கண்டதாகச் சொல்பவர் அது கலப்படம் அல்ல என்று காட்ட வேண்டும் என்ற ஆசிரியரின் கண்டிப்பு நியாயமானது.

மனிதச் செல்லிலிருந்து மீனுக்கு

பேசல் திரும்பிய மீஷர், சீழைவிடத் தூய்மையான மூலப்பொருளைத் தேடினார். ரைன் ஆற்றில் ஏறிவந்த சால்மன் மீன்களின் விந்துச் செல்கள் அவருக்குக் கிடைத்தன. விந்துச் செல்லின் தலைப்பகுதி பெரும்பாலும் உட்கருவே. நியூக்ளின் அறை வெப்பத்தில் சிதைந்துவிடும் என்பதால், குளிர்காலத்தில் சூடேற்றாத அறையில் விடியற்காலையில் வேலை செய்தார். வகுப்பறையில் ஆல்கஹாலைக் குளிரவைக்கும் வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. செல் உடைந்ததும் அதனுள் இருக்கும் நொதிகளே டி.என்.ஏ.வைச் சிதைக்கத் தொடங்குகின்றன. குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது.

சால்மன் பற்றிய ஆய்வு 1874 இல் வெளிவந்தது. கருவுறுதலுக்கு ஒரு தனிப்பொருள் காரணமாக இருக்குமானால் முதலில் நியூக்ளினைத்தான் எண்ண வேண்டும் என்று அதில் மீஷர் குறிப்பிட்டார். ஆனால் அவரே அதை நம்பவில்லை. காசநோயால் 1895 இல் தம் 51 ஆம் வயதில் அவர் இறந்தார்.

1889 இல் ரிச்சர்டு ஆல்ட்மன் புரதம் நீக்கிய நியூக்ளினைத் தயாரித்து, அதன் அமிலத் தன்மையை ஒட்டி நியூக்ளிக் அமிலம் என அழைத்தார். ஆல்பிரெக்ட் காசல் அதிலுள்ள காரங்களை ஆராய்ந்து 1910 இல் நோபல் பரிசு பெற்றார். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பீபஸ் லெவீன் 1929 இல் அதன் சர்க்கரை டிஆக்சிரைபோஸ் என்று கண்டறிந்தார்.

இக்காலத்தில் நியூக்ளிக் அமிலம் பெரும்பாலும் இரண்டு மூலங்களிலிருந்து எடுக்கப்பட்டது. ஒன்று கன்றின் தைமஸ் சுரப்பி, மற்றொன்று ஈஸ்ட். இதனால் ஒரு தவறான எண்ணம் பரவியது. தைமஸில் கிடைத்தது விலங்குகளுக்கு உரியது என்றும், ஈஸ்டில் கிடைத்தது தாவரங்களுக்கு உரியது என்றும் பலர் நம்பினர். உண்மையில் முதலாவது டி.என்.ஏ., இரண்டாவது ஆர்.என்.ஏ. இரண்டும் எல்லா உயிர்ச்செல்களிலும் உள்ளன.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. நான்கு காரங்களும் சம அளவில், ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று லெவீன் கருதினார். அப்படியானால் அந்த மூலக்கூறு எந்தச் செய்தியையும் தாங்க இயலாது. மரபுப் பண்புகளைக் கடத்துவது பலவகைப்பட்ட புரதங்களாகவே இருக்கும் என்று பெரும்பாலோர் முடிவு செய்தனர்.

கண்ணாடிக் குச்சியில் சுற்றிய இழை

இந்த எண்ணத்தை அசைத்ததும் ஒரு பிரித்தெடுப்புச் சோதனைதான். 1928 இல் லண்டனில் பிரெடரிக் கிரிஃபித், நிமோனியா பாக்டீரியாக்களைக் கொண்டு எலிகளில் சோதனை செய்தார். நோய் உண்டாக்கும் வகையை வெப்பத்தால் கொன்று, நோய் உண்டாக்காத உயிருள்ள வகையோடு சேர்த்துச் செலுத்தியபோது எலிகள் இறந்தன. இறந்த பாக்டீரியாவிலிருந்து ஏதோ ஒரு பொருள் உயிருள்ளவற்றுக்குச் சென்று அவற்றின் பண்பை மாற்றியிருந்தது.

அந்தப் பொருள் எது என்பதை ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் ஆஸ்வால்டு ஏவரி, காலின் மெக்லியோட், மெக்லின் மெக்கார்ட்டி ஆகியோர் ஆராய்ந்தனர். அவர்கள் பாக்டீரியாவை உடைக்கப் பித்த உப்பு வகையான சோடியம் டிஆக்சிகோலேட்டைப் பயன்படுத்தினர். சோப்பைப் போலவே இதுவும் சவ்வுகளைக் கரைக்கும். புரதத்தை நீக்கக் குளோரோஃபார்முடன் திரும்பத் திரும்பக் குலுக்கினர். பின் ஆல்கஹாலைத் துளித்துளியாகச் சேர்த்தனர். குறிப்பிட்ட அளவை எட்டியதும் இழைபோன்ற பொருள் பிரிந்து, கலக்கும் குச்சியின் மீது கண்டில் நூல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டது. மாணவர்கள் இன்று காணும் காட்சி இதுவே.

75 லிட்டர் பாக்டீரியா வளர்ப்பிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 10 முதல் 25 மில்லிகிராம் மட்டுமே. ஆனால் அதன் ஆற்றல் வியப்பளித்தது. 60 கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நீர்த்த நிலையிலும் அது பாக்டீரியாவின் பண்பை மாற்றியது.

அந்த இழை டி.என்.ஏ.தான் என்று சொல்ல, பார்வை மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின் நொதிகளைச் சேர்த்தனர், ஆற்றல் குறையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தனர்; அப்போதும் குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியுள்ள சாறுகளைச் சேர்த்தபோது ஆற்றல் அழிந்தது. 1944 பிப்ரவரியில் இம்முடிவு வெளிவந்தது.

ஆயினும் ஐயம் நீங்கவில்லை. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் மிர்ஸ்கி, மாதிரியில் மிகச் சிறிதளவு புரதம் ஒட்டியிருக்கலாம், உண்மையில் வேலை செய்வது அதுவாக இருக்கலாம் என்று வாதிட்டார். மிர்ஸ்கி எதிர்ப்பாளர் மட்டும் அல்லர். செறிந்த உப்புக் கரைசலைக் கொண்டு உட்கருப் பொருளைச் செல்லிலிருந்து கரைத்தெடுக்கும் முறையை வளர்த்தவரும் அவரே. தயாரிப்பின் நுணுக்கங்களை அறிந்தவர் எழுப்பிய கேள்வி என்பதால் அதை ஒதுக்கிவிட முடியவில்லை. மெக்கார்ட்டி 1946 இல் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை மாட்டின் கணையத்திலிருந்து தூய்மைப்படுத்தி, மிகச் சிறிதளவே பண்புமாற்றும் ஆற்றலை அழித்துவிடுவதைக் காட்டினார்.

1952 இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியும் மார்தா சேஸும் வேறு வழியில் இக்கேள்வியை அணுகினர். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும், புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் அடையாளமிட்டனர். சமையலறையில் பயன்படும் மிக்ஸி போன்ற கருவியால் வைரஸ் கூடுகளைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்தனர். உள்ளே சென்றிருந்தது பெரும்பாலும் பாஸ்பரஸ். மீஷர் நியூக்ளினைப் புரதத்திலிருந்து வேறுபடுத்தக் கண்ட அதே தனிமம், 83 ஆண்டுகளுக்குப் பின் இங்கும் சான்றாக அமைந்தது.

ஏவரி நோபல் பரிசு பெறாமலேயே 1955 இல் இறந்தார்.

மனித டி.என்.ஏ.வும் இரட்டைச் சுருளும்

ஏவரியின் கட்டுரையைப் படித்த எர்வின் சார்காஃப், தம் ஆய்வின் திசையையே மாற்றிக்கொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் பல உயிரினங்களின் டி.என்.ஏ.வைப் பிரித்து, காரங்களின் அளவை அளந்தனர். 1950 இல் மனித விந்து உள்ளிட்ட மனிதத் திசுக்களின் டி.என்.ஏ. பற்றிய அளவீடுகள் வெளிவந்தன. அடினின், தைமின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 விழுக்காடு. குவானின், சைட்டோசின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 விழுக்காடு. ஒரே மனித இனத்தின் வெவ்வேறு திசுக்களில் இந்த விகிதம் மாறவில்லை. உயிரினத்துக்கு உயிரினம் மாறியது. நான்கும் சம அளவு என்ற லெவீனின் கருத்து இத்துடன் வீழ்ந்தது.

அதே 1950 மே மாதம் லண்டனில் நடந்த கூட்டம் ஒன்றில், பெர்ன் நகர வேதியியலர் ருடால்ஃப் சிக்னர் கன்றின் தைமஸிலிருந்து தாம் எடுத்த டி.என்.ஏ.வை விரும்பியவர்களுக்குப் பகிர்ந்தளித்தார். மிக மென்மையாகக் கையாண்டு எடுக்கப்பட்டதால் அதன் இழைகள் அறுபடாமல் நீளமாக இருந்தன. கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த மாரிஸ் வில்கின்ஸ் அதில் சிறிது பெற்றுக்கொண்டார். ஈரமான அப்பொருளைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு இழுத்தபோது, சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழை நீண்டு வந்தது. அவ்வாறான இழைகளே எக்ஸ் கதிர்ப் படங்களுக்குப் பயன்பட்டன.

1951 ஜனவரியில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்த ரோசலிண்ட் பிராங்க்ளினும், மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் சிக்னரின் டி.என்.ஏ.வைக் கொண்டே 1952 மே மாதம் 51 ஆம் எண் படத்தை எடுத்தனர். பிராங்க்ளினுக்குத் தெரியாமல் அப்படம் 1953 ஜனவரியில் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953 ஏப்ரல் 25 அன்று வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். சார்காஃபின் விகிதங்களும் கிங்ஸ் கல்லூரியின் அளவீடுகளும் அதற்கு அடிப்படை. இந்த வரலாற்றில் சிக்னரின் பெயர் அரிதாகவே சொல்லப்படுகிறது. இழை அறுபட்டிருந்தால் தெளிவான படம் இல்லை என்பதை நினைத்தால் அவருடைய பங்கு விளங்கும். குழாயைக் குலுக்காதீர்கள் என்று ஆசிரியர் சொல்வதன் பின்னணியும் இதுவே.

ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு

1950களில் பிரித்தெடுப்பு எளிமையானது. 1952 இல் கே, சிம்மன்ஸ், டவுன்ஸ் ஆகிய மூவர், சோடியம் டோடெசைல் சல்பேட் என்னும் சலவைப்பொருளைக் கொண்டு டி.என்.ஏ.விலிருந்து புரதத்தைப் பிரிக்கும் முறையை வெளியிட்டனர். 1961 இல் ஜூலியஸ் மர்மர் பாக்டீரியாக்களுக்கு வகுத்த முறையில் சலவைப்பொருள், செறிந்த உப்பு, குளோரோஃபார்ம், ஆல்கஹால், குச்சியில் சுற்றுதல் ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் அமைந்தன. அதிலிருந்து நச்சுள்ள குளோரோஃபார்மை நீக்கிவிட்டு, ஆய்வக வேதிப்பொருள்களுக்குப் பதில் வீட்டுப் பொருள்களை வைத்தால் வகுப்பறைச் சோதனை கிடைத்துவிடும்.

பள்ளிகளில் முதலில் பரவலானவை வெங்காயம், பட்டாணி, வாழைப்பழம், ஸ்ட்ராபெரி ஆகியவற்றைக் கொண்ட சோதனைகளே. தோட்டத்தில் விளையும் ஸ்ட்ராபெரியின் செல்லில் எட்டுத் தொகுதிக் குரோமோசோம்கள் இருப்பதால் இழைகள் மிகுதியாகக் கிடைக்கும். மனிதச் செல்லில் இரண்டு தொகுதிகளே. இந்தியாவிலும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் செய்முறைகளில் பசலைக்கீரை, பச்சைப்பட்டாணி, பப்பாளி போன்ற தாவரப் பொருள்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் பயிற்சி இடம்பெற்றுள்ளது.

மனிதச் செல்லைப் பயன்படுத்துவதில் ஒரு தயக்கமும் இருந்தது. கன்னச் செல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பள்ளிகளில் பழைய பயிற்சி. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய 1980களின் பிற்பகுதியில், பிரிட்டனின் கல்வித்துறை அப்பயிற்சியைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. பின்னர் தூய பஞ்சுக்குச்சியைப் பயன்படுத்துதல், பயன்படுத்தியவுடன் கிருமிநாசினியில் இடுதல் போன்ற விதிகளோடு அது மீண்டும் ஏற்கப்பட்டது.

மனித டி.என்.ஏ. வகுப்பறைக்கு வர வேறு காரணங்களும் இருந்தன. 1984 இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டறிந்தார். நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் டி.என்.ஏ. என்ற சொல் பழகியது. 1988 இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் தொடங்கப்பட்ட டி.என்.ஏ. கற்றல் மையம், பள்ளி மாணவர்கள் உப்பு நீரால் கொப்பளித்துத் தம் செல்களிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, அதன் ஒரு பகுதியைப் பெருக்கி ஆராயும் பயிற்சிகளை உருவாக்கியது. இரட்டைச் சுருளின் பொன்விழாவும் மனித மரபுத்தொகைத் திட்டத்தின் நிறைவும் 2003 ஏப்ரலில் கொண்டாடப்பட்டன. அது முதல் ஏப்ரல் 25 டி.என்.ஏ. நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டிப் பல பள்ளிகளில் இச்சோதனை செய்யப்படுகிறது.

அந்த வெள்ளை இழை டி.என்.ஏ.தானா?

சோதனைக்குழாயில் வெண்ணிற இழை தோன்றியதும், இதுதான் என் டி.என்.ஏ. என்று மாணவர் மகிழ்வது இயல்பு. அதில் டி.என்.ஏ. இருக்கிறது என்பது உண்மை. அது முழுவதும் டி.என்.ஏ. என்பதோ, முழுவதும் அம்மாணவருடையது என்பதோ உண்மையன்று.

ஒரு மனிதச் செல்லில் உள்ள டி.என்.ஏ.யின் எடை ஏறக்குறைய 6.6 பிகோகிராம். அதாவது ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ. கிடைக்க ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் செல்கள் வேண்டும். ஒரு செல்லின் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். ஆனால் அதன் அகலம் 2 நானோமீட்டர் மட்டுமே. ஒளி நுண்ணோக்கியிலும் தனி இரட்டைச் சுருளின் வடிவத்தைக் காண முடியாது. கண்ணுக்குத் தெரிவது எண்ணற்ற இழைகள் சிக்கிப் பிணைந்த திரள்.

அத்திரளில் ஆர்.என்.ஏ.வும் புரதமும் கலந்திருக்கும். உமிழ்நீருக்கு வழுவழுப்பைத் தரும் மியூசின் என்னும் புரதமும் ஆல்கஹாலில் வெண்மையாகத் திரளும் இயல்புடையது. வாயில் வாழும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வும், சாப்பிட்ட உணவின் டி.என்.ஏ.வும் சேர்ந்திருக்கலாம். ஈறுகளின் வழியே உமிழ்நீருக்குள் வரும் வெள்ளையணுக்களும் அதில் உண்டு. மீஷர் சீழிலிருந்து திரட்டிய அதே வகைச் செல்கள் அவை.

ஆகவே நல்ல வகுப்பில் சோதனை இழையோடு முடிவதில்லை. ஒப்பீட்டுக்கு வேறு குழாய்களும் வைக்கப்படும். சோப்புத் திரவம் சேர்க்காத குழாய் ஒன்று; செல்களே இல்லாமல் உப்பு நீரும் சோப்பும் மட்டும் உள்ள குழாய் ஒன்று. சோப்பு சேர்க்காத குழாயிலும் இழை தோன்றினால் அதில் மியூசினின் பங்கு என்ன என்று மாணவர்கள் விவாதிக்கலாம். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி கிடைக்குமானால், ஏவரி குழுவினரைப் போல அதைச் சேர்த்து இழையில் மாற்றம் உண்டா எனப் பார்க்கலாம். 1930 இல் டிஷே கண்டறிந்த டைஃபீனைலமின் சோதனையில் டிஆக்சிரைபோஸ் சர்க்கரை நீல நிறம் தரும். அதில் செறிந்த அமிலங்கள் சேர்வதால் அதை ஆசிரியரே செய்து காட்ட வேண்டும்.

பாதுகாப்பும் ஒப்புதலும்

இச்சோதனையில் ஒவ்வொருவரும் தம் செல்களை மட்டுமே கையாள வேண்டும். குவளைகளையும் குழாய்களையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. வாயில் புண்ணோ தொற்றுநோயோ உள்ளவர்கள் தாவரப் பொருளைப் பயன்படுத்தலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அருகில் சுடர் இருக்கக் கூடாது. பயன்படுத்திய பொருள்களைக் கிருமிநாசினியில் ஊறவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

ஒப்புதலும் முக்கியம். மீஷருக்குச் செல்களைத் தந்த நோயாளிகளின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. தம் புண்ணின் சீழிலிருந்து என்ன எடுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. இன்று ஒருவரின் செல்லிலிருந்து அவருடைய உறவுமுறையையும் சில நோய்களுக்கான வாய்ப்பையும் அறிய முடியும். எனவே விருப்பமில்லாத மாணவரை வற்புறுத்தாமல் இருப்பதும், எடுத்த மாதிரியை அன்றே அழித்துவிடுவதும் இச்சோதனையின் பகுதிகளாகவே கருதப்படுகின்றன.

கோட்டைச் சமையலறையில் பல வாரங்கள் நடந்த வேலை இப்போது ஒரு பாடவேளையில் முடிகிறது. இழையைக் காண்பது எளிதாகிவிட்டது. அது எதனால் ஆனது என்று காட்டுவதற்கு இன்றும் ஹாப்பே-சைலரின் பொறுமையும் மிர்ஸ்கியின் ஐயமும் ஏவரி குழுவினரின் ஒப்பீட்டுக் குழாய்களும் வேண்டும்.